மாடிப் பூங்கா: சுவருக்கு உள்ளே யார், வெளியே யார்?

(ராயபுரத்தில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஒரு பூங்காவைப் பற்றி. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற மாடிப் பூங்கா. வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். பூங்கா என்றால் தரையில்தானே இருக்க வேண்டும், இது ஏன் மாடியில் இருக்கிறது? ஏனென்றால் அது ஒரு கோட்டை மதிலின் மேல் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையின் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய அரணில் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சிய துண்டுகளில் ஒன்றின் மேல்தான் மரம் வைத்து, நடைபாதை போட்டு மாநகராட்சி பூங்காவாக்கியது. சிப்பாய் துப்பாக்கியோடு நின்ற இடத்தில் இன்று பெரியவர்கள் காற்று வாங்குகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

போன மாதம் நானும் சில தோழர்களும் அங்கே போய் ஒரு சாயங்காலம் முழுக்க இருந்தோம். இறங்கி வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, வெள்ளைக்காரன் கட்டின சுவர், அதுமேல ஒரு பார்க். இதுல நாம பேச என்ன இருக்கு?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் வேறொரு கோட்டைக்குப் போய்விட்டு வருவோம்.

1934ஆம் ஆண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் தன்னோடு இயக்கத்தில் வேலை செய்த முப்பது பேருடன் ஒரு சுற்றுலா போகிறார். எல்லோராக் குகைகளைப் பார்ப்பது திட்டம். போகிற வழியில் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தௌலதாபாத் கோட்டை. நெடும்பயணம், உடம்பெல்லாம் புழுதி. கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு சிறிய குளம் நிறையத் தண்ணீர். சிலர் அதில் முகம் கால் கழுவிவிட்டு உள்ளே போகிறார்கள். பின்னாலேயே ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் கூடிவிடுகிறது, வசவும் மிரட்டலும். வந்தவர்கள் முஸ்லிம்கள். உங்கள் மதம் இதைத்தான் சொல்லித் தருகிறதா, ஒரு தீண்டத்தகாதவர் முஸ்லிமாக மாறினால் அப்போதும் தடுப்பீர்களா என்று பாபாசாகேப் கோபத்தோடு கேட்கிறார். அவர்களிடம் பதில் இல்லை. கடைசியில் கோட்டையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவரைக் கூடவே அனுப்புகிறார்கள்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் பாபாசாகேப் இதை எழுதியிருக்கிறார். அப்போது அவர் பாரிஸ்டர், வட்டமேசை மாநாடுகளில் பேசியவர், உலகம் அறிந்த தலைவர். அந்தக் கோட்டையில் பீரங்கிகள் ஓய்ந்து காலம் ஆகிவிட்டது. அது பார்க்கப் போகிற இடமாகிவிட்டது. ஆனாலும் அவர் அதைச் சுற்றிப் பார்த்தது ஒரு துப்பாக்கியின் காவலில். ஒரு கோட்டையில் போர் முடிந்துவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் போர் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சுவருக்கு வருவோம்.

இந்தச் சுவரைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தால் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று, பிரெஞ்சுத் தளபதி லாலி. 1758 டிசம்பரில் அவர் சென்னையை முற்றுகையிட்டார், கறுப்பர் நகரம் சூறையாடப்பட்டது, 1759 பிப்ரவரியில் திரும்பிப் போனார். இரண்டாவது, ஹைதர் அலி. அவருடைய குதிரைப்படை 1767இல் சென்னையின் புறநகர்வரை வந்தது. இந்த இரண்டு பயத்தில்தான் கம்பெனி சுவர் கட்ட முடிவெடுத்தது. மூன்றாவது, ஒப்பந்தம் எடுத்த பால் பென்ஃபீல்ட். இவர் பிறகு ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். நம் ஊர் காண்டிராக்டர் ஊழலுக்கு வயது கொஞ்சம் அதிகம்தான்.

சுவர் கட்டும் செலவுக்காகக் கறுப்பர் நகரத்து மக்களிடம் வரி போடத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்தது, வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. இன்று அது வ.உ.சி. சாலை, ஆனாலும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றுதான் சொல்கிறோம். கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஆகவே வடக்கிலும் மேற்கிலும் சுவர் போனது. அதில் வாசல்கள் வைத்தார்கள். யானைகவுனி என்கிறோமே, கவுனி என்றால் அந்தக் கோட்டை வாசல்தான். யானைகவுனி பெயர் நிலைத்துவிட்டது. அதே மேற்குச் சுவரில் இன்னொரு வாசல் இருந்தது. ஆங்கிலேய ஆவணங்களில் அதன் பெயர் 'சக்ளர்ஸ் கேட்'. தோல் வேலை செய்த அருந்ததிய மக்களை இழிவாக அழைத்த சொல்லையே வாசலுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அந்த வாசல் வழியாக நுழைந்து இந்த நகரத்துக்குச் செருப்பும் சேணமும் கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பென்ஃபீல்டுக்குப் பெயர் இருக்கிறது. செங்கல் சுமந்தவருக்கு, சுண்ணாம்பு அரைத்தவருக்கு, அகழி தோண்டியவருக்குப் பெயர் இல்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தச் சுவர் யாரை யாரிடமிருந்து காத்தது?

சென்னையின் வரைபடத்தை மூன்று வட்டமாக நினைத்துப் பாருங்கள். நடுவில் கோட்டை. அதற்குள் வெள்ளையர் நகரம். வெளியே கறுப்பர் நகரம், நம் ஆட்கள் எல்லோரும் வாழ்ந்தது. நிறவெறிதான், சந்தேகமில்லை. ஆனால் கறுப்பர் நகரம் என்பது ஒரே நகரமாக இருந்ததா? இல்லை. அதற்குள் வலங்கை, இடங்கை என்று சாதிகள் அணி பிரிந்து நின்றன. எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்று சண்டை. 1707-08இல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது அந்தச் சண்டை நகரத்தையே நிறுத்தியது. கம்பெனி கண்ட தீர்வு என்ன தெரியுமா? பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பேட்டை பிரித்துக் கொடுப்பது. இதற்கெல்லாம் அப்பால் ஆவணங்களில் தனியாக ஒரு பெயர் வரும்: பறைச்சேரி. வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம், சேரி. முதல் எல்லை வெள்ளைக்காரன் போட்டது. இரண்டாவது எல்லை நம்மவர்கள் கொண்டுவந்தது. கம்பெனி அதை இடிக்கவில்லை. தன் வசதிக்கு எடுத்துக்கொண்டது, வரைபடத்தில் பதிந்தது, வரி போட்டது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊரில் பண்ணையில் கட்டுண்டு கிடந்த மக்களுக்குச் சென்னை ஒரு கதவைத் திறந்தது. துறைமுகக் கூலி, வீட்டு வேலை, பட்டாளம் எனப் பல வேலைகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, மதில் தகர்ப்பது அந்தப் படையின் வேலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டைச் சொல்லி அந்தக் கதவையும் மெல்லச் சாத்தினார்கள். ஆகவே கம்பெனி நமக்கு விடுதலை கொடுத்தது என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு, அதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் தவறு. கிடைத்த இடுக்கில் நம் முன்னோர் புகுந்து வந்தார்கள்.

சுவருக்கு வெளியே, வடக்கே வாருங்கள். இதுதான் ராயபுரம். ராயப்பர் என்ற புனித பேதுருவின் பெயரில் அமைந்த ஊர். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாது, தூரத்தில் கடலிலேயே நிற்கும். அலையை மீறி மசூலா படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். கம்பெனியின் ஒவ்வொரு மூட்டையும் அவர்கள் கையைத் தாண்டித்தான் போனது. கொஞ்சம் தள்ளி வண்ணாரப்பேட்டை. கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் பெயரில் இருக்கிறது. நகரத்தின் செல்வம் சுவருக்கு உள்ளே, அதைச் சுமந்தவர்களும் வெளுத்தவர்களும் வெளியே. 1780இல் மறுபடியும் ஹைதரோடு போர், தொடர்ந்து பஞ்சம். கிராமங்களிலிருந்து பசியோடு மக்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்காக 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம், அதாவது கஞ்சித் தொட்டி. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் நம் பாட்டிமார் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனால்தான்.

சரி, சுவர் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் நகரம் வளர வளர இடித்தார்கள். மிஞ்சியது பூங்காவானது. பூங்கா என்பது பொது இடம். 'பொது' என்ற இந்தச் சொல்லைத்தான் நான் உங்களோடு கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

பொது என்பது இந்த நாட்டில் தானாக வந்த சொல் இல்லை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, கட்டடம் எல்லாம் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று போராடியவர்கள் ஆர். வீரையனும் இரட்டைமலை சீனிவாசனும். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்டது. அதே 1924இல் மகாராஷ்டிரத்தில் மகாத் நகராட்சி, சவ்தார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. போட்டு என்ன? மூன்று வருடம் ஒருவரும் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அதற்காக அடியும் வாங்கினார்கள். பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் பொதுவாகக் கூடும் இடம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. இதில் குளத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகாதும் தௌலதாபாதும்தான் நினைவுக்கு வரும். மக்கள் கூடும் இடம் என்பதில் நம் மாடிப் பூங்காவும் அடக்கம். நாம் அந்தப் படியில் ஏறி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோமே, அந்த உரிமைக்கு இவ்வளவு பெரிய முன்கதை இருக்கிறது.

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் இதில் பாதி. மீதிப் பாதிக்கு பீமா கோரேகானுக்குப் போக வேண்டும். 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படைக்கும் கம்பெனிப் படைக்கும் அங்கே சண்டை. கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். இறந்த தன் வீரர்களுக்காகக் கம்பெனி நட்ட தூண் அது, சுத்தமான ராணுவச் சின்னம். அதில் செதுக்கிய 49 பெயர்களில் 22 பெயர்கள் மகர்களுடையவை. 1927 ஜனவரி 1இல் பாபாசாகேப் அங்கே போனார். இன்று ஒவ்வொரு வருடமும் லட்சக்கணக்கான மக்கள் போகிறார்கள். வெள்ளைக்காரன் தூண் என்று அவர்கள் ஒதுங்கவில்லை. அதில் தங்கள் பாட்டன் பெயரைப் படித்தார்கள். ஒரு சின்னம் யாருடையது என்பதை அதைக் கட்டியவன் மட்டும் முடிவு செய்வதில்லை. நம் சுவரில் பெயர் செதுக்கப்படவில்லை. ஆகவே நமக்கு வேலை அதிகம். அந்தப் பெயர்களை நாம்தான் தேட வேண்டும், கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்பதையாவது சொல்ல வேண்டும்.

இப்போது இன்றைய அரசியலுக்கு வருகிறேன்.

வடசென்னைக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. சினிமா வருகிறது, பாட்டு வருகிறது, காமிராவோடு பாரம்பரிய நடை வருகிறது. வரட்டும். 1856இல் தொடங்கிய ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்கட்டும், சுவரைப் பார்க்கட்டும். மாடிப் பூங்காவைச் சீரமைக்க வேண்டும், மதிலைக் காக்க வேண்டும் என்று கோரிக்கை எழும்போது நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தக் கோரிக்கையின் கூடவே ஒரு சொல் நுழைகிறது: ஆக்கிரமிப்பு. மதிலை ஒட்டிக் குடிசை, கடை, துணி காயப்போடும் கொடி, இதெல்லாம் பாரம்பரியத்துக்குக் கேடு என்பார்கள். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நகரத்தில் மக்களை அகற்றுவதற்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கிறது. முதல் கறுப்பர் நகரம் கோட்டைக்கு வடக்கே ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கிற பக்கம் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மீதியை இடித்தார்கள். காரணம் என்ன? பீரங்கி சுடுவதற்குக் காலி மைதானம் வேண்டும். வீடு, தெரு, கோயில் எல்லாம் போய் எஸ்பிளனேடு வந்தது. அதில் இனி யாரும் கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள், அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. அன்றைக்குக் காரணம் பாதுகாப்பு. நம் காலத்தில் காரணம் ஆற்றங்கரை, அழகுபடுத்தல், வளர்ச்சி. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கேளுங்கள். வேலை ஒரு மூலையில், பள்ளிக்கூடம் ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதிலைக் காப்பாற்றுகிறோம் என்று மதிலோரத்து மக்களை அந்த வரிசையில் சேர்த்தால், 18ஆம் நூற்றாண்டில் கம்பெனி செய்ததை நாம் மறுபடியும் செய்தவர்கள் ஆவோம்.

இன்னொன்று. தென்சென்னையில் செம்மொழிப் பூங்கா, தொல்காப்பியப் பூங்கா, கதீட்ரல் சாலையில் நூற்றாண்டுப் பூங்கா. எண்ணூருக்கு என்ன கிடைத்தது? அனல் மின் நிலையத்துச் சாம்பல். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் கலந்த எண்ணெய். அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா வாயுக் கசிவு, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவு. திருவொற்றியூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி. பீச் ஸ்டேஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, இறங்கிப் பார்த்தால் பீச் தெரியாது, துறைமுகத்தின் மதில்தான் தெரியும். கடற்கரையில் வாழ்கிற மக்களுக்குக் கடலை மறைத்துச் சுவர். அதனால்தான் காற்று வாங்க ஒரு மேடு கிடைத்தால் எங்கள் மக்கள் அதில் ஏறுகிறார்கள். மூச்சு விட ஓர் இடம் என்பது வடசென்னையில் சொகுசு கிடையாது.

சுவர் என்றால் பழைய கதை என்று நினைக்காதீர்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை உடைத்துப் பாதை திறக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஒரு தனியார் சுற்றுச்சுவர் சரிந்து அருந்ததியக் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பென்ஃபீல்ட் கட்டிய சுவர் இரண்டரை நூற்றாண்டாக நிற்கிறது, அதன் மேல் மரம் வளர்கிறது. நடூர்ச் சுவருக்கு அடியில் பிணங்கள் கிடந்தன. சுவர்களிலும் எது யாருக்காக உறுதியாகக் கட்டப்படுகிறது என்பதில் அரசியல் இருக்கிறது.

ஆகவே நான் மூன்று வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, போய்ப் பாருங்கள். தனியாக இல்லை, உங்கள் அம்மாவை, தங்கையை, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொது இடம் மக்கள் போகப் போகத்தான் பொதுவாக இருக்கும். பெண்கள் இருட்டிய பிறகும் பயமில்லாமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதற்கு வேண்டிய விளக்கையும் கழிப்பறையையும் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, எழுதுங்கள். இந்த மதிலை ஒட்டி மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தாக்கள், காசிமேட்டில் மீன் விற்ற பாட்டிகள் இருக்கிறார்கள். உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள், நாள் போட்டு வையுங்கள். பென்ஃபீல்டின் கணக்கு லண்டனில் பத்திரமாக இருக்கிறது. நம் பாட்டியின் கணக்கு அவர் இருக்கும்வரைதான்.

மூன்றாவது, மதிலைக் காக்கச் சொல்லும் ஒவ்வொரு மனுவிலும் ஒரு வரி சேருங்கள்: மதிலோரம் வாழும் எந்தக் குடும்பமும் அகற்றப்படக் கூடாது, அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதே வட்டாரத்தில் வீடு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும். அந்த வரி இல்லாத மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் நம் நண்பர்கள்தான். இந்த வரியைச் சேர்க்க அவர்களுக்கு என்ன தடை என்று நட்போடு கேளுங்கள்.

அந்தத் தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் போகிறோம். இந்த முறை நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.